கையை நீட்டி நில்லு

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். ஆடுகிற நாற்காலியை எதற்கு வாசலுக்கு நேரே போட்டு வைத்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். யாராவது உள்ளே வந்தால் அதில் இடித்துக்கொள்வார்கள், ஒரு சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரி பஞ்சம்மாள் போன பிறகு இந்த வீட்டில் வாய் உள்ள சாமான் அது ஒன்றுதான்.

பொன்மணி செத்ததைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தெரியும். எல்லாவற்றையும் சொல்கிறேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன். கரண்ட் போவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முன்னால் நான் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

தங்கச்சாமி என்றால் இந்த ஆமத்தூரில் நாலு பேருக்குத் தெரியும். கண்டக்டர் தங்கச்சாமி என்றால் விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் ரோட்டோரத்துப் புளியமரத்துக்கெல்லாம் தெரியும். என் பஸ்ஸில் ஏறின கூட்டத்தை நாலு பஸ்ஸில் பிரித்துப் போட்டாலும் பத்துப் பேர் படியில் தொங்குவார்கள். தீபாவளி சீசனில் கொசு ஏறினால்கூட நின்றுகொண்டுதான் வர வேண்டும். நான் விசில் அடித்தால் விருதுநகர் ஜங்ஷனில் ரயில் கிளம்பிவிடும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான்.

டிக்கெட் கொடுக்கிறவன் உள்ளங்கையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை கை அதில் படும். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளின் கை, அச்சாபீஸ்காரன் மை படிந்த கை, சந்தைக்குப் போகிற கிழவியின் ஈரக் கை. ரிட்டயர் ஆன மறுநாள் ஒரு கை படவில்லை. அதற்கடுத்த நாளும் படவில்லை. மகள் திருப்பூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். போனில் கை வராது. மனசு கேட்காமல் என் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்துச் சிவகாசி போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். புதுக் கண்டக்டர் சில்லறையை உள்ளங்கையில் வைக்க மாட்டான், ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவான். மழை பெய்கிற மாதிரி விழும்.

இரண்டாயிரத்து ஏழில் திருத்தங்கல் ரோட்டில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்காக அந்தப் பயிற்சி நிலையத்தைத் திறந்தார்கள். மேனேஜர் மொக்கைச்சாமி பள்ளிக்கூடம் போன காலத்தில் என் பஸ்ஸில் வந்தவர். டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சும்மாதான இருக்கீக, நம்ம ஆபீசுக்கு வாங்க, ஆளுகளை மேய்க்கணும்" என்றார். பட்டாசைப் பற்றி எனக்கு வெடிக்கத்தான் தெரியும் என்றேன். அது போதும் என்றுவிட்டார்.

அங்கே ஒரு மெஷின் இருந்தது சார். தலையில் மாட்டுகிற மெஷின். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். வந்த பெண்கள் முதல் நாளே அதற்குச் சட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி கண்ணையும் காதையும் மூடிவிடும். உள்ளே இரண்டு குட்டி டிவி. மாட்டிக்கொண்டால் நீங்கள் இருக்கிற அறை மறைந்துவிடும். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறை தெரியும். தலையைத் திருப்பினால் அந்த அறையும் திரும்பும். நாலு பக்கமும் வாசல், நடுவில் மேஜை, மேஜை மேல் மருந்து. வேலை பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பொறி தெறிக்கும். தெறித்ததும் எந்த வாசல் கிட்டவோ அது வழியாகத் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓட வேண்டும். அதைப் பழக்குவதற்குத்தான் மெஷின். வேறு ஒன்றுக்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதாக ஆகிவிடக்கூடாது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது பாண்டிமீனா. படித்த பிள்ளை. என் வேலை, சட்டிக்குள் தெரிகிற சாமானையெல்லாம் வெளியே அதே இடத்தில் வைப்பது. படத்தில் மேஜை இருக்கிற இடத்தில் நிஜ மேஜை. மருந்துக்குப் பதில் சலித்த சாம்பல். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் தொட்டுவிட்டு நுழைவார்களே, செம்புத் தகடு, அதைக்கூட நானே சுவரில் அடித்தேன். கண்ணால் பார்க்கிறதை மனுஷன் பாதிதான் நம்புகிறான் சார். கையில் பட்டுவிட்டால் முழுசாக நம்பிவிடுகிறான். பொறி தெறிக்கும்போது நான் ஹீட்டரை அவர்கள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். தகரத்தைத் தட்டுவேன். ஒரு தீக்குச்சியைக் கிழித்து மூக்குப் பக்கத்தில் அணைப்பேன். தீக்குச்சி மேனேஜர் சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு. நான் ஒருத்தன் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமியாவது, கோயிலில் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் எல்லாரும் ஓடினார்கள். மேலேயிருந்து சட்டிக்கு ஒரு நீள வயர் தொங்கும், வாசல் தாண்டியும் எட்டும். சீனிச்சாமி என்று ஒரு ஆள், மாடு மாதிரி உடம்பு, பொறியைப் பார்த்ததும் ஒரே பாய்ச்சல். வயர் கழுத்தில் சிக்கி இழுத்துவிட்டது, முகம் சுவரில். பல் ஒன்று பறந்துபோய்ப் பாண்டிமீனாவின் டீ டம்ளரில் விழுந்தது. சரி, டம்ளரில் விழவில்லை, மேஜைக்கு அடியில்தான் விழுந்தது. மேனேஜர் பயந்துபோய், இனிமேல் ஒருத்தருக்கும் அடிபடக்கூடாது, என்ன செய்வீர்களோ செய்யுங்கள் என்றுவிட்டார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் பார்க்கிறவர்களை நான் எத்தனை தடவை அதட்டியிருப்பேன். "ஏ, எறங்காத, நில்லு, கையக் கொடு." அதையே இங்கேயும் வைத்தேன். பொறி தெறித்தால் ஓடாதே. நின்ற இடத்தில் நில்லு. வலது கையை நீட்டு. நான் வந்து பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போவேன்.

பாண்டிமீனா அன்றைக்கே சொன்னாள். "அண்ணாச்சி, ஓடத்தான படிக்க வர்றாக. நீங்க நிக்கப் படிச்சுக் குடுக்கீக."

"இங்கனதான தாயி. வெளிய ஓடணும்னு சொல்லி அனுப்பிருவேன்."

"மறக்காமச் சொல்லணும்."

சொன்னேன் சார். கொஞ்ச நாள் சொன்னேன்.

முதன்முதலில் கையை நீட்டியவள் மாரித்தாய். அலுமினியப் பவுடரில் வேலை பார்த்த கை, ரேகையெல்லாம் வெள்ளியாக மின்னும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. காற்றில் அந்தக் கை நீண்டு நின்றது. விரல்கள் மெதுவாகத் திறந்து மூடித் தேடின. நான் போய்ப் பிடித்ததும் அவள் என் கையை இறுக்கினாள் பாருங்கள், கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி. அன்றைக்குச் சாயங்காலம் என் உள்ளங்கையும் வெள்ளியாக இருந்தது. கையைக் கழுவாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

வெளியே ஓட வேண்டும் என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? சட்டியைக் கழற்றியதும் சிரிப்பார்கள். "அப்ப இது சும்மாவா அண்ணாச்சி" என்று கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். மறுதடவை வரும்போது விளையாட்டுக்குத்தான் நீட்டுவார்கள். அந்தக் கையில் உயிர் இருக்காது. டிக்கெட் வாங்குகிற கை மாதிரி இருக்கும். அதனால் சொல்வதை நிறுத்தினேன். முதலில் மறந்த மாதிரி நிறுத்தினேன். பிறகு மறக்காமல் நிறுத்தினேன்.

அதோடு, உடனே போய்ப் பிடிக்கவும் மாட்டேன். ஒரு ஓரமாக நின்று பார்ப்பேன். ஹீட்டர் எரியும், தகரம் அதிரும், அந்தக் கை தேடும். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, இன்னும் கொஞ்சம். என்னை இந்த உலகத்தில் யாரும் அப்படித் தேடியதில்லை சார். பஞ்சம்மாள்கூட இல்லை.

பாஸா பெயிலா என்பதை நான்தான் சொல்வேன். அண்ணாச்சி சரி என்றால் சரி என்று மேனேஜர் விட்டுவிட்டார். ஒரு கை எனக்குப் பிடித்துப்போய்விட்டால் பாஸ் போட மனசு வராது. "நாளைக்கு வாங்க, திரும்ப ஒருக்கா பாத்துருவோம்" என்பேன். வருவார்கள். பாவம், வராமல் என்ன செய்வார்கள்? பாஸ் இல்லாமல் செலுத்துகிற அறையில் சேர்க்க மாட்டார்கள்.

பொன்மணி அச்சங்குளத்திலிருந்து வந்தாள். வெடிக்குக் காகிதம் ஒட்டுகிற வேலையில் இருந்தாள். செலுத்துகிற வேலைக்குப் போனால் கூலி கூட. பானுப்பிரியா என்று ஒரு குட்டிப்பிள்ளை, அதை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்காக வந்தாள். முதல் நாள் பொறி தெறித்தது. நான் ஹீட்டரைத் தூக்குவதற்குள் அவள் அறையில் இல்லை. வயருக்கு அடியில் குனிந்து, மேஜையைச் சுற்றி, ஆட்டுக்குட்டி மாதிரி ஒரே துள்ளலில் வாசலுக்கு வெளியே நின்றாள். சட்டி தலையிலேயே இருக்கிறது. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. பாண்டிமீனா எழுந்து கைதட்டினாள். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை சார். அவளைப் பற்றி மட்டும் கூட்டிச் சொல்ல வருவதில்லை.

பெயில் என்றேன்.

"என்ன அண்ணாச்சி, தீயே என்னயக் காணம்னு தேடிக்கிட்டு இருக்கு. நீங்க பெயிலுங்கீக?"

"கைய நீட்டி நிக்கலையே."

"நிக்கவா? பொறி தெறிச்சா பெத்த தாயக்கூடத் திரும்பிப் பாக்காதன்னு எங்காத்தா சொல்லிருக்கா. அவளத் திரும்பிப் பாக்காதவ உங்களுக்கு நிப்பனா?"

"ரூல் அப்படி."

"எந்த ரூலு, பஸ்ஸு ரூலா? பின்படில எறங்கணுமா, முன்படில எறங்கணுமா, அதயும் சொல்லிருங்க."

பாண்டிமீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "நாளைக்கு வா, திரும்ப ஒருக்கா பாத்துருவோம்" என்றேன்.

மறுநாளும் ஓடினாள். அதற்கடுத்த வாரமும் ஓடினாள். அவளால் நிற்க முடியவில்லை சார், அது அவள் காலிலேயே இருந்தது. அவள் ஆத்தாள் சின்ன வயசிலேயே கட்டிவிட்ட முடிச்சு. நான் அதை ஒவ்வொரு நூலாக உருவினேன். அவள் வரும் நாளில் சாத்தூர்க் காராச்சேவு வாங்கி வைப்பேன். பெயில் என்று சொன்னதும் திட்டிக்கொண்டே உட்கார்ந்து தின்பாள். இரண்டு பேர் ஒரே பொட்டலத்தில் கை விட்டுத் தின்றால் காராச்சேவுக்கு வேறு ருசி. ஒரு தடவை என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி இது, தீக்குச்சிய ஒரசலாம் போல இருக்கு" என்றாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் ஒரு மாசம் ஓட்டினேன்.

பாண்டிமீனா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அவ ஒருத்திதான் ஒழுங்கா ஓடுறா. அவளயும் கெடுத்துறாதீக. நாளப்பின்ன நெசமா ஒண்ணு ஆச்சுன்னா அவ நின்னுருவா." கேட்டுக்கொண்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அதில் ஒரு குறையும் இல்லை. நான் பாஸ் போடுகிறேன், நீ கம்ப்யூட்டரைப் பார் என்றேன். மாசக் கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் போய்விட்டாள். பஞ்சம்மாள் மாதிரி அவளும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனாள்.

சீசன் நெருங்கிவிட்டது. செலுத்துகிற அறைக்கு ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள், இதுதான் கடைசி என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்குப் பொன்மணி கேலி பேசவில்லை. காராச்சேவைத் தொடவில்லை. சட்டியை மாட்டிக்கொண்டாள். தகட்டைத் தொட்டாள், மேஜைக்கு வந்தாள், சாம்பலைச் சலித்தாள். பொறி தெறித்தது. அவள் கால் கிளம்பியது, பார்த்தேன். குதிகால் தரையை விட்டு எழும்பியது. பிறகு கீழே இறங்கியது. வலது கையை நீட்டினாள்.

நான் போகவில்லை. ஹீட்டரை இன்னும் கிட்டே கொண்டு போனேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் ஓடு ஓடு என்று துடிக்கிறது, கால் மட்டும் நிற்கிறது. ஹீட்டரையும் தகரத்தையும் கீழே வைத்துவிட்டு வெறும் கையோடு அவள் முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சின்னக் குரலில், "அண்ணாச்சி, வாங்க" என்றாள்.

பிடித்தேன்.

வாசலுக்கு வெளியே வந்ததும் சட்டியைக் கழற்றினாள், முகமெல்லாம் வேர்வை. கையை விடாமலேயே கேட்டாள். "அண்ணாச்சி, வெளையாட்டுக்குக் கேக்கேன். நெசமாவே பத்துனாலும் இப்படித்தான் நிக்கணுமா?"

நீங்கள் இதைத்தானே கேட்க வந்தீர்கள் சார். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று. இல்லை என்று சொல்லியிருந்தால் கையை விட்டிருப்பாள். விடுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

"ஆமா தாயி. நில்லு. ஆளு வரும்" என்றேன்.

பாஸ் போட்டேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பாஸ் போட்டால் வர மாட்டார்கள், அதுதான் அந்த வேலையில் ஒரு கஷ்டம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். லோடு ஏற்றுகிற அவசரம், சலிக்கும்போது உராய்வு, பொறி. அறையில் மூன்று பேர். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். அவர்கள் நிலையம் திறப்பதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்கள், என்னிடம் வந்தவர்கள் இல்லை. அதில் வெள்ளைத்தாய் என்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள், உங்களிடமும் சொல்லியிருப்பாள். பொன்மணிக்கு வாசல் எட்டுகிற தூரம். வெளியே நின்று எல்லாரும் கத்தியிருக்கிறார்கள், ஓடியாடி, வெளிய ஓடியாடி என்று. புகைக்குள் அவள் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். "இருங்கடி, வருவாக" என்று சொன்னாளாம்.

பயத்தில் உறைந்துபோய்விட்டாள் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அது தப்பு. பயந்தவள் கையைப் பொத்திக்கொள்வாள். அவள் நீட்டியிருந்தாள். நம்பி நின்றாள் சார். உங்களை நம்பி யாராவது அப்படி நின்றதுண்டா? எனக்காக ஒருத்தி நின்றிருக்கிறாள். துஷ்டிக்குத் துக்கம் விசாரிக்க அச்சங்குளம் போனேன். அந்தக் குட்டி பானுப்பிரியாவுக்குக் காராச்சேவு கொடுத்தேன். பொட்டலத்தை விட்டுவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டது. பஸ் வரும்வரை விடவில்லை. நானும் இரண்டு பஸ்ஸைப் போக விட்டேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். இன்னும் எத்தனை பேரை இப்படிப் பழக்கினாய் என்று கேட்கிறீர்கள். நிறையப் பேர். எல்லாரும் அங்கங்கே அறைகளில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெயர் கேட்டால் எனக்குத் தெரியாது. கையைக் காட்டினால் சொல்லிவிடுவேன். ஆனால் அவர்களிடம் போய் நீங்கள் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்லிவிட்டால் அப்புறம் ஒருத்தரும் நீட்ட மாட்டார்கள். அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எழுந்துவிட்டீர்களே. டீ போடுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

பார்த்தீர்களா, கரண்ட் போய்விட்டது. சாயங்காலமானால் இப்படித்தான். இந்த வீட்டில் ஜன்னல் கிடையாது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடக்காதீர்கள் சார், இடித்துக்கொள்வீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். வலது கையை நீட்டுங்கள், நான் வருகிறேன்.

சார்.

அந்த நாற்காலியை நான் முதலிலேயே சொன்னேன். பலமாகப் பட்டுவிட்டதா? வாசலுக்கு வெளியே போய்விட்டீர்கள் போலிருக்கிறது. செருப்புச் சத்தம் ரோட்டிலிருந்து வருகிறது.

பரவாயில்லை. நாளைக்கு வாங்க, திரும்ப ஒருக்கா பாத்துருவோம்.